வலி மாத்திரை வாங்க வந்தவரின் இரத்த அழுத்தம்: பாலக்கோடு வட்டத்து மருந்துக் கடையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் உள்ள எங்கள் மருந்துக் கடைக்கு, தக்காளித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் 56 வயதுப் பெண் ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்து, மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து கேட்டார். மருத்துவர் சீட்டு எதுவும் அவரிடம் இல்லை. பணம் எடுப்பதற்காக அவர் மஞ்சள் பையைத் திறந்தபோது, அதற்குள் அரசு வழங்கும் இரத்த அழுத்த மாத்திரை அட்டைகளும் மருத்துவக் குறிப்பேடும் தெரிந்தன. அந்தக் குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டதிலிருந்து இந்த நிகழ்வு தொடங்குகிறது. அவருடைய ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

குறிப்பேட்டின்படி, அவருக்கு மூன்று ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மில்லிகிராமும், அழுத்தம் இறங்காததால் ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்து டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராமும் தரப்பட்டு வந்தன. கடைசி மூன்று அளவீடுகள் 164/98, 170/100, 168/96 என்று பதிவாகியிருந்தன. அடுத்த முறையும் குறையாவிட்டால் சிறுநீர்ப் பெருக்கி வகையைச் சேர்ந்த மூன்றாவது மருந்தைச் சேர்க்க வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பேட்டின் எந்தப் பக்கத்திலும் வலி மாத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லை. "மாத்திரை போட்டும் பிரஷர் எறங்கலைங்க தம்பி. கவர்மெண்டு மாத்திரைன்னா இப்படித்தான்னு ஊர்ல சொல்றாங்க" என்றார் அவர். வலி மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, "அது வலிக்குப் போடறது, பிரஷர் பாக்கறவங்ககிட்ட அத எதுக்குச் சொல்லணும்?" என்று திருப்பிக் கேட்டார். அவருடைய கேள்வியில் எந்தப் பிழையும் இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள், மாத்திரையைக் கையில் கொடுத்த நாங்கள்.

அளவெடுத்த விதம்

எங்கள் கடையில் மேல்கையில் பட்டை கட்டும் தானியங்கிக் கருவி ஒன்று இருக்கிறது. அன்று வரை அதைப் பெரும்பாலும், வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, மேசைக்கு முன்னால் நிற்க வைத்தே பயன்படுத்தி வந்தோம். அன்றும் கடை உதவியாளர் அப்படியே முதலில் அளந்தபோது 188/106 என்று காட்டியது. அவர் பேருந்து நிறுத்தத்திலிருந்து வேகமாக நடந்து வந்திருந்தார், நின்றுகொண்டிருந்தார், கை தொங்கிக்கொண்டிருந்தது, பட்டை ரவிக்கைக் கையின் மேலேயே சுற்றப்பட்டிருந்தது, அளவெடுக்கும்போது விலை பற்றிப் பேசிக்கொண்டும் இருந்தார். இவற்றில் ஒவ்வொன்றும் அளவை உயர்த்திக் காட்டக் கூடியது.

உள்ளே ஒரு நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் படியும்படி உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, இதய மட்டத்தில் மேசைமேல் கையை வைத்து மீண்டும் அளந்தோம். வலக் கையில் 172/100, இரண்டு நிமிடம் கழித்து 170/98. இடக் கையில் 164/96. முதல் முறை பார்க்கும்போது இரண்டு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் கூடுதலாக இருக்கிறதோ அந்தக் கையையே பின்னர் தொடர வேண்டும் என்பதால், வலக் கை என்று அவருடைய குறிப்பேட்டிலும் எங்கள் பதிவேட்டிலும் எழுதினோம்.

நின்றபடி எடுத்த அளவுக்கும் உட்கார்ந்து எடுத்த அளவுக்கும் மேல் எண்ணில் 16 புள்ளிகள் வேறுபட்டன. 140-ஐ எல்லையாக வைத்துப் பார்க்கும் ஒரு நோயில் இந்த வேறுபாடு, நோயற்றவரை நோயாளி ஆக்கவும் போதும், நோயாளியை வீணாக அச்சுறுத்தவும் போதும். நாற்காலி போட இடமில்லாத கடையில் கருவி வைப்பதைவிட வைக்காமல் இருப்பது நல்லது என்று இப்போது நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பையில் இருந்தவையும் பையில் இல்லாதவையும்

சரியாக அளந்த பிறகும் அழுத்தம் மிகுதியாகவே இருந்ததால், அவர் உண்மையில் எவற்றை விழுங்குகிறார் என்பதை அறிய வேண்டியிருந்தது. மறுநாள் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் எடுத்து வரச் சொன்னோம். அவர் கொண்டு வந்தவற்றில் நான்கு வகை இருந்தன. அம்லோடிபின் ஒழுங்காகத் தீர்ந்திருந்தது. டெல்மிசார்ட்டான் அட்டைகளில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஒரே நோய்க்கு இரண்டு மாத்திரை எதற்கு என்று நினைத்து, தலை கனக்கும் நாளில் மட்டும் அதைச் சாப்பிட்டிருக்கிறார். மூன்றாவது, டைக்ளோபெனாக், எங்கள் கடையிலும் வேறொரு கடையிலும் மாறி மாறி வாங்கி, வேலைக்குப் போகும் நாளெல்லாம் இரண்டு வேளை சாப்பிட்டு வந்தார். நான்காவது, சந்தை நாளில் வேறு ஊர்க் கடையொன்றில் வாங்கிய, காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தரப்பட்ட "செட் மாத்திரை".

இந்தச் செட் மாத்திரை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சளி, காய்ச்சல், உடல்வலி என்று எதைச் சொன்னாலும் மூன்று நான்கு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒன்றாக மடித்துக் கொடுக்கும் பழக்கம் நம் பகுதியில் வெகு காலமாக இருக்கிறது. உறை இல்லாததால் பெயர் தெரியாது, அளவு தெரியாது, காலாவதி நாளும் தெரியாது. இவர் கொண்டு வந்த பொட்டலத்தில் இருந்த சிறிய வெள்ளை மாத்திரையைப் பார்த்தவுடன் எனக்கு ஐயம் ஏற்பட்டது. வலி சில மணி நேரத்தில் அதிசயம்போல் விட்டுவிடுகிறது, பசி கூடியிருக்கிறது, முகம் உப்பியிருக்கிறது என்று அவர் சொன்னவை அந்த ஐயத்தை வலுப்படுத்தின. ஞாயிற்றுக்கிழமை நேரில் சென்று கேட்டபோது, அது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, 0.5 மில்லிகிராம் என்று அந்தக் கடையில் இருந்தவர் மறைக்காமல் சொன்னார். மூன்று மாதமாக வாரத்தில் நான்கைந்து நாள் அவர் அதைச் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

டைக்ளோபெனாக் போன்ற வலி நீக்கிகள், சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் வெளியேற்ற உதவும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் உடலில் உப்பும் நீரும் தேங்கி, இரத்தக் குழாய்கள் இறுகி, அழுத்தம் உயர்கிறது. சராசரியில் இந்த உயர்வு 5 புள்ளிகள் அளவில்தான் இருக்கும் என்றாலும், சிலருக்கு அது மிகப் பெரியதாக இருக்கும். டெல்மிசார்ட்டான் வகை மருந்துகளின் பயனையும் இவை குறைத்துவிடுகின்றன. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் அழுத்தத்தோடு இரத்தச் சர்க்கரையையும் உயர்த்தக் கூடியவை.

இந்த நிலையில் மூன்றாவது மருந்தாகச் சிறுநீர்ப் பெருக்கியும் சேர்க்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே என்னை மிகவும் கலங்க வைத்தது. சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாயை வலி நீக்கி சுருக்குகிறது. வெளியேறும் குழாயை டெல்மிசார்ட்டான் தளர்த்துகிறது. சிறுநீர்ப் பெருக்கி உடலின் நீர்மத்தையே குறைக்கிறது. மூன்றும் சேரும்போது, வெயிலில் வியர்வை சிந்தி வேலை செய்யும் ஒருவருக்கு, சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு உண்டு. மருத்துவர் எழுதவிருந்தது அவருக்குத் தெரிந்த விவரங்களின்படி முற்றிலும் சரியான மருந்துதான். அவருக்குத் தெரியாத விவரம் கடை மேசையில் இருந்தது.

இந்த மண்ணும் மூட்டு வலியும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வலி மாத்திரை இவ்வளவு விற்பதற்கு ஒரு காரணம் நிலத்தடியிலேயே இருக்கிறது. இங்குள்ள கடினப் பாறைகளிலிருந்து நீரில் கரையும் புளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற மேல் வரம்பைப் பல கிணறுகளில் தாண்டியிருந்தது. பல்லில் பழுப்புக் கறையாகத் தொடங்கும் அந்த நச்சு, ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பிலும் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களிலும் படிந்து, முதுகும் முழங்காலும் மடங்காத விறைப்பையும் வலியையும் தருகிறது. ஜப்பானியக் கடனுதவியுடன் அமைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த பிறகு காவிரி நீர் கிடைக்கிறது என்றாலும், அதற்கு முன் முப்பது நாற்பது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைதான் இன்று ஐம்பது, அறுபது வயதில் எங்கள் கடைக்கு வருகிறது. இரத்த அழுத்தம் கூடத் தொடங்கும் வயதும் அதுவே.

இந்தப் பெண்ணுக்கு வலி புளோரைடால் வந்ததா, மூட்டுத் தேய்மானத்தால் வந்ததா, நாள் முழுதும் குனிந்து தக்காளி பறிப்பதால் வந்ததா என்பதை ஒரு மருந்தாளுநர் முடிவு செய்ய முடியாது. இந்த மாவட்டங்களில் வலியும் இரத்த அழுத்தமும் ஒரே உடலில் சேர்ந்து குடியிருப்பது வழக்கமானது என்பதும், அந்த இரண்டுக்குமான மாத்திரைகள் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன என்பதும் மட்டுமே நாங்கள் அறிந்தவை.

எங்களால் செய்ய முடிந்தது

மருந்தை மாற்றவோ புதிதாகத் தொடங்கவோ எங்களுக்கு உரிமை இல்லை, அது சரியே. 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநரே மருத்துவர் சீட்டின்படி மருந்து வழங்க வேண்டும் என்கிறது. டைக்ளோபெனாக், டெக்சாமெத்தசோன் இரண்டும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துகள். அப்படியிருந்தும் எங்கள் கடையில் அவருக்குப் பல முறை சீட்டில்லாமல் டைக்ளோபெனாக் விற்கப்பட்டிருக்கிறது. அவற்றில் சில முறை கடையில் நானே இருந்திருக்கிறேன். இந்த ஆய்வில் எங்கள் கண்டுபிடிப்பு என்று எதைச் சொன்னாலும், அதற்கு முன்னால் இந்தத் தவறைச் சொல்லியே ஆக வேண்டும்.

செட் மாத்திரையை உடனே நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் வாரக்கணக்கில் ஸ்டீராய்டு உட்கொண்ட உடல், தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்னும் இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்காமல் மந்தமாகியிருக்கக் கூடும். திடீரென நிறுத்தினால் மயக்கமும் தாழ் அழுத்தமும் வரலாம். எனவே டைக்ளோபெனாக்கை மட்டும் இனிமேல் வாங்க வேண்டாம் என்று சொல்லி, மற்றவற்றை மருத்துவர் முடிவுக்கு விட்டு, அவரிடமே ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினோம். ஒரு பக்கத்துக்குள் எழுதிய அந்தக் கடிதத்தில், அளவெடுத்த நாள், நேரம், முறை, இரண்டு கைகளின் அளவுகள், அவர் உண்மையில் உட்கொள்ளும் நான்கு மருந்துகள், அவற்றின் அளவும் காலமும், டெல்மிசார்ட்டான் விடுபட்ட விவரம் ஆகியவை இருந்தன. எங்கள் கருத்தாக ஒரு வரி மட்டும் எழுதினோம்: அழுத்தம் இறங்காததற்கு வலி நீக்கியும் ஸ்டீராய்டும் காரணமாக இருக்கலாம் என்று ஐயுறுகிறோம்.

மருத்துவர் அன்றே தொலைபேசியில் பேசினார். மூன்றாவது மருந்து சேர்க்கப்படவில்லை. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4 என்று சற்றுக் கூடுதலாகவும், பொட்டாசியம் இயல்பாகவும், சர்க்கரை எல்லைக் கோட்டிலும் இருந்தன. டைக்ளோபெனாக் நிறுத்தப்பட்டது, டெக்சாமெத்தசோன் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது, டெல்மிசார்ட்டானை நாள் தவறாமல் சாப்பிடச் சொன்னார். வலிக்கு வெளிப்பூச்சும், தேவைப்படும் நாளில் மட்டும் பாராசிட்டமாலும் தரப்பட்டன. பாராசிட்டமாலையும் கணக்கின்றிச் சாப்பிடக் கூடாது என்பதை அவரிடம் வலியுறுத்தினோம். எடின்பரோவில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாள்தோறும் 4 கிராம் பாராசிட்டமால் உட்கொண்டபோது மேல் எண் சுமார் 5 புள்ளிகள் உயர்ந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கு மாத்திரை வருவதோடு இயன்முறை சிகிச்சையும் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இவருக்கும் தெரியாது. மருத்துவரின் பரிந்துரையில் முழங்காலுக்கான பயிற்சிகளை அந்தத் திட்டத்தின் வழியாகவே கற்றுக்கொண்டார்.

உப்பைப் பற்றியும் பேசினோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. களியில் போடும் உப்பைவிட, தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சோற்றுக்குத் துணையான ஊறுகாயிலும் கருவாட்டிலும்தான் அவருக்கு உப்பு மிகுதியாகச் சேர்ந்தது. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பற்றி அவர் மகன் கேட்டார். டெல்மிசார்ட்டான் உட்கொள்பவருக்கு, அதுவும் கிரியேட்டினின் கூடியிருக்கும் நேரத்தில், அது பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக் கூடும் என்பதால் வேண்டாம் என்றோம்.

தொடர்ந்து பார்த்ததில்

வாரம் ஒரு முறை, வேலைக்குப் போகுமுன் காலையில் வந்து அளந்துகொள்ளச் சொன்னோம். இரண்டாம் வாரம் 158/92, நான்காம் வாரம் 148/88, எட்டாம் வாரம் 136/84. எட்டாம் வாரத்தில் கிரியேட்டினின் 1.0 ஆக இறங்கியிருந்தது. அவருக்கு இருந்த கணுக்கால் வீக்கம் அம்லோடிபினாலும் வரக் கூடியது, ஆனால் அதன் அளவு மாறாமலேயே வீக்கமும் வடிந்தது. அந்த வீக்கத்துக்கு அம்லோடிபினே முழுக் காரணம் அல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

இந்த இறக்கம் முழுவதையும் வலி மாத்திரையை நிறுத்தியதன் கணக்கில் எழுத முடியாது. அதே காலத்தில் டெல்மிசார்ட்டானை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினார், ஸ்டீராய்டு நின்றது, ஊறுகாயும் குறைந்தது. ஒருவரிடம் மட்டும் பார்த்ததை வைத்து இவற்றைத் தனித்தனியே பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் பத்தாம் வாரத்தில், பறிப்பு மும்முரமாக இருந்தபோது வலி தாங்காமல் வேறு கடையில் டைக்ளோபெனாக் வாங்கி ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். மற்ற மருந்துகளை விடாதபோதும் அந்த வாரம் 154/90 காட்டியது. நிறுத்திய இரண்டு வாரத்தில் மீண்டும் 138/84. அவர் அதை மறைக்காமல் சொன்னது, இந்த ஏற்பாட்டில் எனக்குக் கிடைத்த பெரிய நம்பிக்கை.

அளவெடுக்கும் நாளில் துணைக்கு வந்த கணவருக்கு 61 வயது. வாழ்நாளில் ஒரு முறைகூட இரத்த அழுத்தம் பார்த்ததில்லை என்றார். அவருக்கு 154/96 இருந்தது. ஒரு நாள் அளவை வைத்து எதையும் சொல்லாமல், வெவ்வேறு மூன்று நாள்களில் பார்த்து, மூன்றிலும் 150-க்கு மேல் இருந்ததால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். அங்கே நோய் உறுதி செய்யப்பட்டு மருந்து தொடங்கப்பட்டது. அவருக்கு எந்த அறிகுறியும் இருந்ததில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கணக்கிட்டது. இவரைப் போன்றவர்களும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள்.

பிற நாடுகளில் செய்ததும் இங்கே பொருந்துவதும்

மருந்தாளுநர்களைக் கொண்டு இரத்த அழுத்தத்தைக் குறைத்த முயற்சிகளில் நன்கு அறியப்பட்டது, 2018-இல் வெளியான லாஸ் ஏஞ்சல்ஸ் முடிதிருத்தகங்களின் ஆய்வு. கறுப்பின ஆண்கள் வாடிக்கையாக வரும் 52 கடைகளில் 319 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு மருந்தாளுநர்கள் அங்கேயே வந்து மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மேல் எண் அவர்களுக்கு 27 புள்ளிகளும், அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு 9.3 புள்ளிகளும் குறைந்தன. ஆனால் அங்கே மருத்துவர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்தாளுநரே மருந்தைத் தேர்ந்து மாற்றினார். அந்த அதிகாரத்தை விட்டுவிட்டு அந்த எண்களை மட்டும் இங்கே எதிர்பார்ப்பது சரியல்ல. 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் மருந்துக் கடைகளில் தொடங்கிய திட்டம் நமக்கு அதைவிட நெருக்கமானது: 40 வயதைக் கடந்த, நோய் கண்டறியப்படாதவர்களுக்குக் கடையில் அளந்து, கூடுதலாக இருந்தால் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள், அந்த நேரத்துக்கு அரசு ஊதியம் தருகிறது. இங்கே ஒருவருக்குப் பத்து நிமிடம் செலவிடும்போது, வரிசையில் நிற்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். வலி மாத்திரை விற்காததால் குறையும் வருமானமும் கடைக்காரருடையதுதான். 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகம் முழுவதும் திறக்கப்பட்ட 1000 முதல்வர் மருந்தகங்களில் ஒரு நாற்காலியும் ஒரு கருவியும் வைத்து இதைத் தொடங்கிப் பார்க்கலாம் என்பது என் வேண்டுகோள். எந்தக் கடையாக இருந்தாலும், சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, மருந்தாளுநர் கடையில் இல்லாத நிலை தொடரும் வரை இவற்றில் ஒன்றும் நடக்காது.

எல்லோரையும் அளக்க எங்களால் முடியாது. எனவே யாரிடம் தொடங்குவது என்பதை இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொண்டோம். வலி மாத்திரைக்கான சீட்டோடு வரும் 40 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரிடமும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கடைசியாக எப்போது அளந்தீர்கள் என்று கேட்கிறோம். சீட்டில்லாமல் வருபவருக்கு டைக்ளோபெனாக் தருவதில்லை. அவரிடமும் அதே இரண்டு கேள்விகள்தான். செட் மாத்திரை மடிப்பதை நிறுத்திவிட்டோம். 180/110-க்கு மேல் இருந்து வேறு தொந்தரவு இல்லாதவரை அன்றே மருத்துவரிடம் அனுப்புகிறோம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தால் 108-ஐ அழைக்கிறோம்.

அந்தப் பெண்ணின் மூட்டு வலி தீரவில்லை. பயிற்சியாலும் பூச்சாலும் பாதி குறைந்திருக்கிறது என்கிறார். பறிப்பு நாள்களில் மீதிப் பாதி அவரை வாட்டுகிறது. எலும்பு மூட்டுச் சிகிச்சைப் பிரிவில் காட்டுவதற்காகத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போய்வர இன்னும் வாய்க்கவில்லை. சென்ற வாரம் அளந்தபோது 136/82 இருந்தது. அவரோடு தோட்டத்தில் வேலை செய்யும் இன்னும் இரண்டு பெண்கள், வீட்டிலிருந்த மாத்திரைகளையெல்லாம் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கூடவே வந்திருந்தார்கள்.